நீர்நாய்களுக்காக ஒரு பழைய மிரர்லெஸ்: வாங்கலாமா என்று ஆறு வாரம் யோசித்த கதை

என் சித்தி மகள் பல வருடங்களாகப் பறவைகளையும் நீர்நாய்களையும் படமெடுத்து வருகிறாள். அவளிடம் இருப்பது கேனன் 7டி மார்க் 2, கூடவே கேனன் 400 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, 2014-இல் வெளிவந்த டிஎஸ்எல்ஆர், உள்ளே கண்ணாடி எழும்பி இறங்கும் வகை. லென்ஸ் அதைவிட மூத்தது, 1993-இல் வந்தது, கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. இரண்டிலும் ஒரு குறையும் இல்லை, இன்றுவரை நன்றாக ஓடுகின்றன.

ஒருநாள் இரவு போன் செய்தாள். "அண்ணா, தெரிஞ்சவர் ஒருத்தர் சோனி ஏ9 விக்கிறார். 2017 மாடல். ரொம்பப் பழசா? வாங்கலாமா?"

வாங்கு என்றோ வேண்டாம் என்றோ உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏ9 மிரர்லெஸ், அதாவது உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத வகை. நல்ல கேமரா என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு அது நல்ல கேமராவா என்பதுதான் தெரியவில்லை. "ஆறு வாரம் பொறு, சேர்ந்து பார்ப்போம்" என்றேன். அந்த ஆறு வாரத்தில் நாங்கள் பார்த்ததையும் கணக்குப் போட்டதையும், கடைசியில் எடுத்த முடிவையும் இங்கே எழுதி வைக்கிறேன். கையில் ஏற்கெனவே தூரத்தைக் கிட்டே காட்டும் ஒரு டெலி லென்ஸ் வைத்துக்கொண்டு, பழைய மிரர்லெஸ் பாடி ஒன்றுக்கு மாறலாமா என்று தடுமாறுகிறவர்களுக்கு இது நேராகவே உதவும்.

தேறாத படங்கள்

நன்றாக வந்த படங்களை எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்போம். கேமரா வாங்கும் முடிவுக்கு அவை அவ்வளவாக உதவாது, ஏனென்றால் அவை கையில் இருக்கும் கேமராவிலேயே வந்துவிட்டவை. தேறாத படங்களைப் பார்க்க வேண்டும். நல்லவேளை, அவள் எதையும் அழிக்கிறவள் இல்லை. கடைசி இரண்டு பருவத்தின் ரா கோப்புகள், அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்புகள், முழுவதும் ஹார்ட் டிஸ்கில் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஐந்து ஃபோல்டர் திறந்தோம். தூரம், சத்தம், இருட்டு, ஃபோகஸ், தாமதம். கெட்டுப்போன ஒவ்வொரு படமும் ஏதாவது ஒரு ஃபோல்டருக்குப் போக வேண்டும். இரண்டு காரணம் இருந்தால் முதலில் கெடுத்தது எது என்று பார்த்து அதில் போடவேண்டும். தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த மீன்கொத்தி ஃபோகஸும் தப்பியிருந்தால் அது தூரத்தில்தான் சேரும், ஃபோகஸ் சரியாக இருந்திருந்தாலும் அந்தப் படத்தை யாரும் சுவரில் மாட்டப் போவதில்லை. இந்த ஒரு விதியை வைக்காவிட்டால் எல்லாப் பழியும் ஃபோகஸின் தலையில் விழுந்துவிடும்.

அன்றைக்குப் பார்த்த ஒரு வரிசை எனக்கு மறக்கவில்லை. நீர்நாய் ஒன்று பாறைமேல் உட்கார்ந்து, இரண்டு முன்னங்கால்களாலும் மீனைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து தின்கிறது. அது முதல் ஃப்ரேம். நான்காவது ஃப்ரேமில் மெல்லுவது நின்றுவிட்டது, கண் நேராக லென்சைப் பார்க்கிறது. ஒன்பதாவது ஃப்ரேமில் ஈரமான பாறையும், அதன்மேல் பாதி மீனும், தண்ணீரில் விரியும் வளையமும் மட்டும். 7டி மார்க் 2 விநாடிக்கு 10 ஃப்ரேம் எடுக்கும். அப்படியென்றால் இவ்வளவும் நடந்து முடிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. கண்ணாடி மேலே எழும்பி இறங்கும் அந்தப் 'படபட' சத்தம்தான் காரணம். படம் போனது ஒரு பக்கம். பிடித்த மீனைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பிராணியை ஓட வைத்தோமே என்பதுதான் எங்கள் இருவருக்கும் வலித்தது. அதுபோன்ற வரிசைகள் சத்தம் ஃபோல்டரில் நிறைய இருந்தன.

பிரித்து முடித்தபோது அவளுக்கே ஆச்சரியம். ஃபோகஸ்தான் முதலில் நிற்கும் என்று நினைத்திருந்தாள். ஏ9 மேல் அவளுக்கு ஆசை வந்ததும் ஃபோகஸுக்காகத்தான். ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட மிகப் பெரிதாக நின்றது தூரம். அடுத்து சத்தமும் இருட்டும் ஏறக்குறைய சமம். ஃபோகஸும் தாமதமும் அவற்றுக்கு வெகு கீழே. 65 ஃபோகஸ் புள்ளிகள் கொண்ட அந்த டிஎஸ்எல்ஆரை அவள் இத்தனை வருடத்தில் நன்றாகவே கைவசப்படுத்தி வைத்திருக்கிறாள்.

தூரம் என்ற ஃபோல்டர்

தூரத்தைக் கேமரா பாடி தீர்க்குமா? இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தூரத்துப் பறவைக்கு இரண்டு விஷயம் முக்கியம். அந்தப் பறவையிடமிருந்து எவ்வளவு ஒளி வந்து சேருகிறது என்பது ஒன்று. அதன் உருவத்தின்மேல் எத்தனை பிக்சல் விழுகிறது என்பது மற்றொன்று. முதலாவதைத் தீர்மானிப்பது லென்சின் வாய். குவியத் தொலைவை, அதாவது லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்ணை, எஃப் எண்ணால் வகுத்தால் வாயின் விட்டம் கிடைக்கும். அவளுடைய லென்சுக்கு 400-ஐ 5.6-ஆல் வகுத்தால் 71 மி.மீ. சோனியின் 200-600 லென்ஸை 600-இல் வைத்தால் எஃப் 6.3, வாய் 95 மி.மீ. ஒலிம்பஸ் 300 எஃப் 4-க்கு 75. பானசோனிக் 100-400-ஐ முழுக்க நீட்டினால் எஃப் 6.3, 63 மி.மீ.தான். கேனன் ஆர்எஃப் 800 எஃப் 11 கேட்க மலை மாதிரி இருக்கும், அதற்கும் 73 மி.மீ.தான். பின்னால் ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் எந்த அளவில் இருந்தாலும், ஒரே தூரத்தில் ஒரே ஷட்டர் வேகத்தில் அந்தப் பறவையிடமிருந்து உள்ளே வரும் ஒளி இந்த வாயைப் பொறுத்தது.

பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினால் நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் பொடிப்பொடிக் குறுணை, குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். படச்சட்டம் முழுவதும் நிறையும்படி எடுத்தால் அது உண்மை. தூரத்துப் பறவையை எடுத்துவிட்டு நடுவில் கிராப் செய்தால் பெரிய சென்சாரின் ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டோம், அதோடு அந்த லாபமும் போய்விடுகிறது.

பிக்சல் கணக்கு இன்னும் கறாரானது. 7டி மார்க் 2-இன் சென்சார் 22.4 மி.மீ. அகலம், 20 மெகாபிக்சல். அதே 400 மி.மீ. லென்ஸை 20 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டினால், பறவைமேல் விழும் பிக்சல்கள் பத்தில் நான்கு பங்காகக் குறைந்துவிடும். அப்படியானால் ஏ9-உம் 200-600-உம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இருவரும் கணக்குப் போட்டோம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 600 மி.மீ.: பறவைமேல் விழும் பிக்சல்கள், இப்போது அவளுக்குக் கிடைப்பதும் அதுவும் ஏறத்தாழ ஒன்றே. ஒளி மட்டும் ஒன்றே முக்கால் மடங்கு.

அவள் கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். "அப்போ தூரத்துக்கு இது பெருசா உதவாதா அண்ணா?"

ஒளி கூடும், அதனால் படம் சுத்தமாக வரும். இறகு விவரம் கூடாது. தூரம் ஃபோல்டரில் இருந்தவற்றுக்கு அவள் இன்னும் பத்தடி கிட்டே போக வேண்டும், அல்லது பறவை கிட்டே வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். அந்த ஃபோல்டரை மூடி வைத்துவிட்டு மற்ற நான்கையும் வைத்துத்தான் கேமராவைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தோம்.

மூன்று கேமராக்கள்

ஏ9-ஐப் பற்றி முதலில். ஏ9-க்குப் பின்னால் கேமராக்கள் பல வந்துவிட்டாலும், அதன் சென்சார் இன்றைக்கும் வேகமானதுதான். அடுக்குச் சென்சார், நினைவகம் சென்சாரின் முதுகிலேயே இருக்கிறது. அதனால் திரை அசையாமல் சத்தமின்றி எடுக்கும் எலெக்ட்ரானிக் ஷட்டரில் முழுச் சட்டத்தையும் ஏறக்குறைய 1/160 விநாடியில் படித்து முடித்துவிடும். விநாடிக்கு 20 ஃப்ரேம், வ்யூஃபைண்டர் ஒரு கணம்கூட இருட்டாகாது.

இந்த 1/160 ஏன் பெரிய விஷயம்? எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுகிறது. ஷட்டர் வேகத்தை 1/2000 என்று வைத்தாலும், மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையே கழியும் நேரம் அந்தப் படிக்கும் நேரம்தான். ஒரு சிறு பறவை விநாடிக்குப் பதினைந்து முறை சிறகடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/30 விநாடியில் படிக்கும் சென்சார் முடிப்பதற்குள் சிறகு பாதிச் சுற்று அடித்துவிடும், படத்தில் இறக்கை ரப்பர் மாதிரி வளைந்திருக்கும். 1/160-இல் அது பத்தில் ஒரு பங்குகூட நகராது. சத்தமில்லாமல், அதே சமயம் பறக்கும் பறவையை வளையாமல் எடுக்க வேண்டும் என்றால் பழைய பாடிகளில் ஏ9-ஐ அசைக்க ஆளில்லை.

பறவைக் கண்ணை அடையாளம் காணும் வசதி மட்டும் ஏ9-இல் கிடையாது. 2019-இல் வந்த ஃபர்ம்வேர்களில், அதாவது கேமராவுக்குள் ஓடும் மென்பொருளில், நகர்வதைப் பின்தொடரும் டிராக்கிங் மிகவும் மேம்பட்டது, விலங்குகளின் கண்ணைக் கண்டுபிடிப்பதும் சேர்ந்தது. பறவைக் கண் 2021-இல் வந்த ஏ1-க்குத்தான் கிடைத்தது. வாங்குகிறவர்கள் ஃபர்ம்வேர் எண்ணைப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பதற்கு இந்தக் கேமராவே நல்ல உதாரணம். 2017-இல் பெட்டியிலிருந்து எடுத்த ஏ9-உம், எல்லா ஃபர்ம்வேரும் ஏற்றிய ஏ9-உம் இரண்டு வேறு கேமரா மாதிரி.

இரண்டாவது, ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2, 2016 மாடல். அதன் 'ப்ரோ கேப்சர்' மீன்கொத்திக்கென்றே செய்தது போல இருக்கும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும்போதே கேமரா படமெடுத்து நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். முழுதாக அழுத்தியதும் அதற்கு முந்தைய 14 ஃப்ரேம்களும் சேர்ந்து பதிவாகும். கிளையை விட்டுப் பறவை கிளம்பியதைப் பார்த்த பிறகு அழுத்தினாலும் கிளம்பிய கணம் கிடைத்துவிடும். தாமதம் ஃபோல்டரை இது ஏறக்குறையக் காலி செய்துவிடும். ஆனால் அவளுக்கு அந்த ஃபோல்டர் சிறியது. இருட்டுக்கு ஒலிம்பஸ் கைகொடுக்காது, 300 எஃப் 4 லென்ஸின் வாயும் அவளுடைய லென்ஸின் வாயும் கிட்டத்தட்ட ஒன்றுதானே. மீன்கொத்தி ஒன்றையே குறியாக வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தால் இதைத்தான் கைகாட்டியிருப்பேன்.

மூன்றாவது, நாங்கள் நடுவில் சேர்த்துக்கொண்ட கேனன் ஆர்6, 2020 மாடல், ஏ9 போலவே ஃபுல் ஃப்ரேம், 20 மெகாபிக்சல். அடாப்டர் போட்டால் அவளுடைய லென்ஸ் அப்படியே மாட்டும். அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் வளையமும் மின் தொடர்பும்தான், ஒளியும் குறையாது. பறவை, நாய், பூனை ஆகியவற்றை அடையாளம் காணும் வசதி வெளிவந்த நாள் முதல் இருக்கிறது. பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் உண்டு. திரை அசைந்து எடுக்கும் மெக்கானிக்கல் ஷட்டரில் விநாடிக்கு 12 ஃப்ரேம் வரை, எலெக்ட்ரானிக்கில் 20. அந்த 12 எல்லா லென்சோடும் எப்போதும் வராது. லென்ஸ், பேட்டரி இருப்பு இவற்றைப் பொறுத்து இறங்கும், அதனால் தன் லென்ஸை மாட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். அதன் சென்சார் படிக்கும் வேகம் ஏ9-இல் பாதிகூட இல்லை. சிறகடிக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

ஏ9-க்கு மாறுவதென்றால் லென்ஸும் மாற வேண்டும். கேனன் லென்ஸை அடாப்டரில் சோனியில் மாட்டலாம், ஆனால் ஏ9-ஐ எதற்காக வாங்குகிறோமோ அந்த 20 ஃப்ரேமும் விடாத டிராக்கிங்கும் அப்போது முழுதாகக் கிடைக்காது. சோனியில் நேராக மாட்டும்படி வேறு நிறுவனம் செய்த இ மவுண்ட் லென்ஸ் வாங்கினாலும் வேகம் 15 ஃப்ரேமோடு நின்றுவிடும். சோனியின் 200-600-தான் வழி. அதன் எடை 2.1 கிலோ, பாடியோடு 2.8. அவள் இப்போது தூக்குவது 2.2 கிலோவுக்கும் கீழே. சேற்றில் முழங்கையால் ஊர்ந்து போகிறவளுக்கு அந்த அறுநூறு கிராம் சின்ன வேறுபாடு இல்லை.

பதினைந்து மீட்டர்

கணக்கெல்லாம் போட்டும் மனம் ஒரு பக்கம் சாயவில்லை. திருப்பியது ஒரு சின்ன அளவுதான். நீர்நாய்கள் கரையேறும் பாறை அவள் மறைவிடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அளந்து வந்து சொன்னாள், பதினைந்து மீட்டர்.

400 மி.மீ. லென்ஸும் 7டி மார்க் 2-உம் பதினைந்து மீட்டரில் காட்டும் அகலம் 84 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரு மீட்டர் அளவு இருக்கும் நீர்நாய் அதற்குள் அடங்காது. அவளுடைய படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் வால் வெட்டுப்பட்டிருந்தது. தாயும் குட்டியும் சேர்ந்து வந்த படம் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு அது பழகிப்போய், அப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டிருந்தாள்.

அதே லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் அதே தூரத்தில் 1.35 மீட்டர் காட்டும். வால் உள்ளே வந்துவிடும், பக்கத்தில் குட்டிக்கும் இடம் இருக்கும். கிராப் செய்யத் தேவையில்லாததால் சென்சார் முழுவதும் வேலை செய்யும். தூரத்துப் பறவைக்குக் கிடைக்காத அந்த நாய்ஸ் லாபம் இங்கே முழுதாகக் கிடைக்கும். சென்சார் பரப்பு இரண்டரை மடங்கு, ஒளி இரட்டிப்பாவதை ஒரு ஸ்டாப் என்பார்கள், இது அதற்குக் கொஞ்சம் மேல். அந்தியில் 1/125-இல் திணறிக்கொண்டிருந்தவள் அதே தரத்தில் 1/250-க்கு மேலேயே போகலாம். நீர்நாய் தலையைத் திருப்பும் வேகத்துக்கு அந்த வித்தியாசம் போதும்.

சத்தம், இருட்டு இரண்டு ஃபோல்டரிலும் இருந்தவை பெரும்பாலும் நீர்நாய்கள்தான். தூரம் ஃபோல்டரில் பறவைகள். ஒரே ஆள் எடுத்த படங்கள், ஒரே லென்ஸ், ஆனாலும் இரண்டுக்கும் வேறு வேறு சென்சார் தேவைப்பட்டது.

இரவல் வாங்கிப் பார்த்தது

ஏ9-ஐ விற்கிறவரே இரண்டு நாள் கொடுத்தார், நல்ல மனிதர். ஆர்6 என் நண்பரிடமிருந்து கிடைத்தது.

ஏ9-இல் தகைவிலான்களைத் துரத்தியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருட்டாகாத வ்யூஃபைண்டரில் பறவையை விடாமல் பின்தொடர்வது முதன்முறை பார்ப்பவருக்குப் பெரிய அனுபவம். தகைவிலான் மாதிரி ஒன்றைச் சட்டத்துக்குள் வைத்திருப்பதே கஷ்டம், அதை அந்தக் கேமரா செய்துகொடுத்தது. இதை மனதாரச் சொல்கிறேன்: பறக்கும் பறவை மட்டுமே வேலையாக இருந்து, லென்ஸ் எதுவும் கையில் இல்லாத ஒருவர் 2017 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம்.

ஆர்6-ஐ அவள் எடுத்துக்கொண்டு போனது ஒரு சாயங்காலம், நீர்நாய்ப் பாறைக்கு. எலெக்ட்ரானிக் ஷட்டர், பீப் ஒலி அணைப்பு, ஃபோகஸுக்கு உதவும் விளக்கும் அணைப்பு. இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள், ஷட்டர் சத்தத்தை நிறுத்திவிட்டு முகத்தில் விளக்கடித்தால் என்ன பயன்? கேமராவிலிருந்து ஒரு ஒலியும் இல்லை. லென்ஸ் மோட்டாரின் மெல்லிய உரசல் மட்டும் காதை வைத்தால் கேட்டது. நீர்நாய் முகத்தை விலங்கு டிராக்கிங் சில நேரம் பிடித்தது. தலை குனிந்து ஈர முடியெல்லாம் ஒட்டிப்போயிருக்கும்போது விட்டுவிட்டது. அந்த நேரத்தில் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி எடுத்தாள், பழகிய கைதானே.

ஆர்6-இல் எலெக்ட்ரானிக் ஷட்டர் வைத்தால் ரா கோப்பு 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு இறங்கிவிடும். நிழல் பகுதியைத் தூக்கினால் கெடுமோ என்று எனக்குக் கவலை இருந்தது. ஒளி உணர்வை மிகவும் கூட்டி, ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த இரண்டு வகைக் கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம், எங்கள் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. அந்த உயரத்தில் நாய்ஸே மேலே நிற்பதால் கீழ் இரண்டு பிட் இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். குறைந்த ஐஎஸ்ஓவில் காலை வெயிலில் எடுப்பவர்கள் மெக்கானிக்கல் ஷட்டரில் இருப்பது நல்லது.

டிஎஸ்எல்ஆரிலிருந்து வருகிறவர்களுக்கு மிரர்லெஸ்ஸில் எரிச்சல் தருபவையும் உண்டு. காத்திருக்கும் நேரம் முழுவதும் வ்யூஃபைண்டர் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். தூங்கவிட்டால் எழுந்திருக்க ஒரு கணம் பிடிக்கும், மீன்கொத்தி அந்தக் கணத்தில்தான் வரும். அப்புறம், லென்ஸ் தூரத்துப் பின்னணியில் ஃபோகஸாகி நின்றுவிட்டால், முன்னால் இருக்கும் சிறு பறவை வ்யூஃபைண்டரில் கரைந்தே போய்விடும், கேமராவும் அதைப் பார்க்காது. கையால் ஃபோகஸ் வளையத்தைச் சற்றுக் கிட்டே இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். ஆர்6-இன் ஃபோகஸ் முறை கிடைமட்டக் கோடுகளில் பலவீனமானது. தண்ணீர் அலைகள் எல்லாம் கிடைமட்டக் கோடுகள்தானே. கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பிடித்துக்கொள்கிறது. இதை அவள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

முடிவு

ஆர்6-ஐப் பழையதாக வாங்குவது. லென்ஸை வைத்துக்கொள்வது. 7டி மார்க் 2-ஐ விற்கக்கூடாது.

கடைசி விஷயத்தில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். "ரெண்டு பாடி எதுக்கு அண்ணா, விற்றால் பேட்டரிக்காவது ஆகும்" என்றாள். ஆர்6-ஐ 1.6 கிராப்பில் வைத்தால், அதாவது 7டி மார்க் 2 காட்டும் அளவுக்கு ஓரத்தை வெட்டினால், சுமார் 8 மெகாபிக்சல்தான் மிஞ்சும்; பகல் வெளிச்சத்தில் தூரத்துப் பறவைக்கு அந்தப் பழைய டிஎஸ்எல்ஆரே மேல். விற்றால் தூரம் ஃபோல்டர் இன்னும் பெருக்கும். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி உருவத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் கன்வர்ட்டர் ஒன்று போட்டால் ஆர்6-இல் பறவைமேல் விழும் பிக்சல்கள் இரட்டிப்பாகும், 560 மி.மீ. எஃப் 8-இலும் அது தயங்காமல் ஃபோகஸ் செய்யும். 7டி மார்க் 2-இல் எஃப் 8 என்றால் நடுப் புள்ளி ஒன்றுதான். கன்வர்ட்டர் வாங்கும்வரை பழைய பாடி வீட்டில் இருக்கட்டும் என்று சம்மதிக்க வைத்தேன்.

பழைய பாடியை வாங்கும்போது நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வெளியே பளபளவென்று இருந்தது, லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்ட்டைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். லென்ஸ் மாட்டினால் மயிரிழை ஆட்டம், ஒவ்வொரு படத்திலும் ஒரு ஓரம் மட்டும் மங்கல். பல மாதம் லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் இந்த முறை அரை நாள் எடுத்துக்கொண்டோம். அவளுடைய கனமான லென்ஸை மாட்டி மவுண்ட்டில் ஆட்டம் இருக்கிறதா பார்த்தோம். எஃப் 22-இல் வானத்தை எடுத்துச் சென்சார் தூசி. லென்ஸை மூடிவிட்டு 30 விநாடி இருட்டுப் படம் ஒன்று, இருட்டிலும் தானாக ஒளிரும் பழுதான பிக்சல்களுக்காக. மெக்கானிக்கல் ஷட்டரை 1/8000-இல் வைத்து வெறும் சுவரைத் தொடர்ச்சியாக எடுத்து, எந்த ஃப்ரேமிலாவது ஒரு பக்கம் இருட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஷட்டர் திரை தேயத் தொடங்கினால் உச்ச வேகத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டு கார்டு துளையிலும் எழுதிப் பார்த்தோம். பேட்டரி தகவல் பக்கத்தில் ரீசார்ஜ் திறன் மூன்று கட்டமாகக் காட்டும். ஒரு பேட்டரியில் ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அணைத்த கேமராவை ஆட்டினால் உள்ளே லேசாக 'டொக்' என்று கேட்டது. அவள் பயந்துவிட்டாள். அது ஸ்டெபிலைசேஷனுக்காக மிதந்துகொண்டிருக்கும் சென்சார், பழுது இல்லை. கேமராவை ஆன் செய்தவுடன் நின்றுவிடும்.

விற்கிறவர் சொன்ன ஷட்டர் எண்ணை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்6-இன் ஷட்டர் 3 லட்சம் முறைக்கு என்று மதிப்பிடப்பட்டது. அவள் செய்யப்போகும் வேலையில் பெரும்பகுதி எலெக்ட்ரானிக் ஷட்டரில், திரை அசையவே அசையாது.

ஏ9 விற்கிறவருக்குப் போன் செய்து, வேண்டாம் என்பதை அவளே சொன்னாள். ஏன் என்று கேட்டார், பதினைந்து மீட்டர் கணக்கை விளக்கினாள். தன்னுடைய படங்களையும் இப்படிப் பிரித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னாராம்.

பிறகு நடந்தது

எல்லாம் கூடிவந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சத்தமில்லாத ஷட்டரில் கை நிற்பதில்லை, மூன்று விநாடி அழுத்தினால் 60 ஃப்ரேம். முதல் வாரத்தில் கார்டு நிரம்பி, நல்ல நேரத்தில் படம் அழித்துக்கொண்டிருந்தாள். இப்போது தொடர் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறாள். ஒரு மாலை பேட்டரி தீர்ந்து, மாற்றுவதற்குள் குட்டிகள் போய்விட்டன. தூரத்து நாரைகளுக்கு இன்றும் 7டி மார்க் 2-தான் போகிறது.

சத்தம் ஃபோல்டரை மட்டும் போன வாரம் திறந்து பார்த்தோம். ஆர்6 வந்த பிறகு அதில் ஒரு படம்கூடச் சேரவில்லை.

அன்றைக்கு அவள் காட்டியது தாயும் குட்டியும் ஒரே மீனை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் படம். தாயின் வால் பாறையிலிருந்து தொங்கி, நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது, முழு வாலும் சட்டத்துக்குள். அந்த வரிசையில் நூற்றுக்கும் மேல் ஃப்ரேம்கள், எதிலும் இரண்டும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். "இத்தனை வருஷத்துல இப்பதான் அது முள்ளைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்குது."